ஸ்பீக்கர் அறையில் பத்துத் தேங்காய்

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் தமிழ்ப் பூசை முடிந்து வெளியே வந்தால், இரண்டு பேராவது கைத்தொலைபேசியை நீட்டிக்கொண்டு எனக்காக நிற்பார்கள். திரையில் ஏதோ ஒரு கடையின் கழிவு விலை விளம்பரம் இருக்கும். "ரெஜினாக்கா, உது நல்லதோ? அஞ்சு ஸ்பீக்கரும் ஒரு பெரிய பெட்டியும் வருது." நான் ஓய்வுபெற்றுவிட்டேன் என்பது அவர்களுக்குத் தெரியும். வைத்தியர் ஓய்வுபெற்றாலும் நாக்கை நீட்டிக் காட்டுகிறவர்கள் குறைவதில்லை அல்லவா? அதைப் போலத்தான் இதுவும்.

எங்கள் பங்குத் தேவாலயத்தின் ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். கேட்டவர் தன் வீட்டுக்கும் ஸ்பீக்கர் பார்த்துக்கொண்டிருந்தார். "ஒவ்வொருத்தருக்கும் வாசல்லை நிண்டு சொல்லுறதை ஒருக்கா எழுதிவிட்டால் என்ன?" என்றார். எழுதலாம்தான். ஆனால் எந்த ஸ்பீக்கர் நல்லது என்பதற்கு என்னிடம் ஒற்றைப் பதில் இல்லை. என்னிடம் இருப்பதெல்லாம் அந்தக் கடையும், ஹெர் கெல்லரும், யோகனும்தான்.

சுவிஸில், ஓர்லிகோன் ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருந்த ஓர் இலத்திரனியல் கடையில் நான் வேலை செய்தேன். முதலில் காசாளர். சலவை இயந்திரம், தலைமுடி உலர்த்தி, மின்கலம் எல்லாவற்றுக்கும் பற்றுச்சீட்டு அடித்துக் கொடுப்பேன். கடையின் பின்பக்கத்தில் கதவு மூடிய ஓர் அறை இருந்தது. கம்பளம் விரித்து, கனமான திரை தொங்கவிட்டு, நடுவில் ஒரு சாம்பல் நிறச் செற்றி போட்டிருக்கும். வாடிக்கையாளர்களை அங்கே உட்காரவைத்து ஸ்பீக்கர்களைக் கேட்கவைப்பார்கள். அந்த அறைக்குப் பொறுப்பாளர்தான் ஹெர் கெல்லர், எங்கள் வழக்கில் திரு கெல்லர். ஒல்லியானவர், உயரமானவர், சிரிக்கும்போது வாயைத் திறக்காதவர்.

என் மேசைக்கு மேலே இருந்த அறிவிப்பு ஒலிபெருக்கி ஒருநாள் இரையத் தொடங்கியது. தலைக்குள் வண்டு புகுந்ததுபோல் இருந்தது. அவர் கடந்து போனபோது அதைச் சொன்னேன். அவர் நின்று, அண்ணாந்து பார்த்து, "எனக்குக் கேட்கவில்லையே" என்றார். பிறகு ஏணி கொண்டுவந்து ஏறிக் காதை வைத்துப் பார்த்துவிட்டு, நான் சொன்னது சரிதான் என்று இறங்கினார். அடுத்த வாரமே என்னைக் காசாளர் மேசையிலிருந்து தன் அறைக்கு மாற்றித் தரும்படி மேலிடத்திடம் கேட்டிருந்தார். எனக்குப் பயம். வயர் என்றால் அயன்பெட்டி வயர் மட்டுமே அறிந்தவள் நான். அம்ப்ளிபயர் எது, ரிசீவர் எது என்று பிரித்தறியவே ஒரு குளிர்காலம் போனது. முதல் வருடங்களில் அவர் என்னுடன் நிறுத்தி நிதானமாக எழுத்து ஜெர்மன் பேசுவார். பிறகு ஒரு காலை, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல், தங்களுக்குள் பேசிக்கொள்கிற சுவிஸ் ஜெர்மனில் பேசத் தொடங்கினார். வீட்டுக்கு வந்து கணவரிடம், "எனக்குப் பதவி உயர்வு கிடைச்சிட்டுது" என்றேன். "சம்பளம்?" என்றார். "அது பழசுதான்."

ஹெர் கெல்லரிடம் சில பழக்கங்கள் இருந்தன. வருகிறவரிடம் முதலில் விலையைப் பற்றியோ வாட்ஸைப் பற்றியோ பேசமாட்டார். அறை எவ்வளவு பெரிது, என்ன பார்ப்பீர்கள், கீழ்வீட்டில் யார் என்று கேட்பார். கடைசிக் கேள்விக்குப் பலர் முழிப்பார்கள். ஒருநாள் புதிதாகத் திருமணமான ஒரு தமிழ்ச் சோடி வந்தது. பையனுக்கு அடிமுழக்கம் தருகிற பாஸ் பெட்டிகளில் ஆகப் பெரியது வேண்டும், யன்னல் அதிர வேண்டும். ஹெர் கெல்லர் கீழ்வீட்டைப் பற்றிக் கேட்டார். நான் மொழிபெயர்த்தேன்.

"கீழை என்ரை மாமியார்தான்" என்றான் பையன்.

ஹெர் கெல்லர் சிறிது யோசித்தார். "அவருடன் நல்லபடியாக இருக்க விரும்புகிறீர்களா?"

பெண் உடனே "ஓம்" என்றாள். பையன் கூரையைப் பார்த்தான். அவர்கள் பாஸ் பெட்டி இல்லாமல், முன்னால் வைக்கிற இரண்டு சிறிய ஸ்பீக்கர்களோடு போனார்கள். மாமியார் இப்போது மேலே வந்து அவர்களோடுதான் தொடர் நாடகம் பார்க்கிறாராம்.

காசு குறைவாக இருக்கிறது என்று யாராவது கூசிக்கொண்டு சொன்னால் ஹெர் கெல்லருக்கு உற்சாகம் வந்துவிடும். "அப்படியானால் நன்றாக யோசிக்கலாம்" என்பார். அவருடைய வழி இதுதான். எண்ணிக்கையைக் குறை, தரத்தைக் குறைக்காதே. ஒரே பெட்டிக்குள் ஐந்து மலிவு ஸ்பீக்கர்கள் வாங்குவதைவிட, முன்னால் நல்லதாக இரண்டு வாங்கு. அடுத்து நடுவில் ஒன்று. படத்தில் வரும் பேச்சு முழுவதையும் அந்த நடு ஸ்பீக்கர்தான் சுமக்கிறது. முதுகுக்குப் பின்னால் வைப்பவை பிறகொரு வருடம் வரட்டும், ஹெலிகொப்டர் பின்னாலிருந்து வராவிட்டால் யாரும் சாகமாட்டார்கள். கடையில் காட்சிக்கு வைத்த பழைய பொருள் இருந்தால் அதைக் கேள். விலை கூடிய வயரை வாங்காதே. இந்தக் கடைசிப் புத்திமதிக்காக மேலிடம் அவரை இரண்டொரு தடவை கூப்பிட்டுப் பேசியது. திரும்பி வந்து அதையே சொன்னார்.

கேட்கவைக்கும் முறையிலும் அவர் கண்டிப்பானவர். சத்தம் கூடின ஸ்பீக்கர்தான் எல்லாருக்கும் நல்லதாகப் படும். ஆகவே ஒரு சின்ன அளவுமானியைச் செற்றியில் தலை வரும் இடத்தில் பிடித்து, இரண்டு ஸ்பீக்கர்களையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவருவார். திரையை இழுத்து மூடுவார், எது விலை கூடியது என்று கண் சொல்லிவிடக் கூடாது. பிறகு, பாட்டோ வெடிச்சத்தமோ போடாமல் வெறும் பேச்சைப் போடுவார். முடிந்ததும், நன்றாயிருக்கிறதா என்று கேட்க எனக்கு அனுமதி இல்லை.

"நன்றாயிருக்கிறதா என்று கேட்டால் எல்லாரும் ஆம் என்பார்கள், ஃப்ராவ் ரெஜினா. அவள் என்ன சொன்னாள் என்று கேளுங்கள்."

அந்த 'அவள்' ஒரு ஜெர்மன் பெண்குரல். தமிழர்கள் அதிகம் வரத் தொடங்கியதும், அந்நிய மொழியில் காதைச் சோதிப்பது நியாயமில்லை என்று ஹெர் கெல்லர் சொன்னார். ஒலிவாங்கியை என் முன்னால் வைத்துத் தமிழில் ஏதாவது பேசச் சொன்னார். க, ச, ட, த, ப எல்லாம் அடிக்கடி வர வேண்டுமாம். எனக்கு வாயில் வந்தது இதுதான்: "சந்தையில் பச்சை மிளகாயும் பத்துத் தேங்காயும் வாங்கிக்கொண்டு பிற்பகல் பஸ்ஸில் வீட்டுக்கு வந்தேன்." அதற்குப் பிறகு ஓய்வுபெறும்வரை ஸ்பீக்கர் கேட்க வந்த அத்தனை தமிழ்க் குடும்பங்களும் என்னுடைய தேங்காய்க் கதையைக் கேட்டன.

யோகன் குடும்பத்தோடு வந்தது ஒரு சனிக்கிழமைப் பின்னேரம். ஐம்பதை நெருங்குகிற, அகன்ற தோள்களுடைய மனிதர். யன்னல் சட்டங்களுக்கு அலுமினியம் வெட்டும் பட்டறையில் வேலை. மனைவி சுகந்தி, மகள் அபிநயா, இளையவன் சஞ்சய். கழிவு விலையில் கிடந்த பெரிய ஐந்து ஸ்பீக்கர் பெட்டியை யோகன் முன்பே முடிவுசெய்துவிட்டு வந்திருந்தார்.

"பெரிசா வேணும் அக்கா. நல்ல சத்தமாயிருக்கோணும்" என்றார்.

"ரீவியே இப்ப சத்தம்தான்" என்றாள் சுகந்தி. "பக்கத்து வீட்டுக்காரி படிக்கட்டிலை என்னைக் கண்டால் முகத்தைத் திருப்புறா. இவருக்கு அது காணாதாம்."

நான் நாலு பேரையும் செற்றியில் இருத்தி, திரையை மூடி, அந்தப் பெரிய பெட்டியில் தேங்காய் வாக்கியத்தைப் போட்டேன். என்ன சொன்னா என்று பிள்ளைகளைக் கேட்டேன். சஞ்சய் ஒப்புவித்தான். அபிநயா, "பஸ்ஸிலை பத்துத் தேங்காயோ? டிராமிலை எண்டால் ஏத்தமாட்டினம்" என்றாள். எல்லாரும் சிரித்தோம். யோகனும் சிரித்தார். ஆனால் முதலில் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் சிரித்தார். அதை நான் கவனித்தேன்.

பிள்ளைகள் சொன்னதைத் திருப்பிச் சொல்லிவிடுவாரே என்று வேறு வாக்கியம் போட்டிருக்கலாம். அந்த யோசனை எனக்கு அப்போது வரவில்லை. இரண்டாவது ஸ்பீக்கருக்கு மாற்றி அதே வாக்கியத்தைப் போட்டுவிட்டு அவரைப் பார்த்தேன்.

"நீங்கள் சொல்லுங்கோ. அவ என்ன சொன்னா?"

இது வேறொரு பதிவு என்று அவர் நினைத்திருக்க வேண்டும். இடப்பக்கமாகத் தலையைத் திருப்பி, வலக்காதை முன்னால் நீட்டியிருந்தார். "மச்சாள் வீட்டை போயிட்டு… தங்கச்சி பஸ்ஸிலை வந்தவவாம்" என்றார்.

பிள்ளைகள் செற்றியில் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "அப்பா பகிடி விடுறார்!" யோகனும் கையைத் தட்டிச் சிரித்தார், பகிடி விட்டவர்போலவே. அவருடைய கண்கள் மட்டும் சிரிக்கவில்லை. அவை என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன. என்னிடம் எதையோ கெஞ்சிக் கேட்பதுபோல் இருந்தது.

இன்னொரு தடவை போட்டால் அகப்பட்டுவிடுவார், அதுவும் பெண்சாதி பிள்ளைகளுக்கு முன்னால். நான் அம்ப்ளிபயரை நிறுத்தினேன். "இது சூடாகிப்போச்சு, இண்டைக்குக் காணும்" என்றேன். "வீட்டு அளவு தெரியாமல் இதை எடுக்கக் கூடாது. யோகன், நீங்கள் அறையை அளந்துகொண்டு கிழமை நாளிலை தனிய ஒருக்கா வாங்கோ. வேலைக்குப் பிறகெண்டாலும் பரவாயில்லை."

"தனியவோ? நானும் வாறனே" என்றாள் சுகந்தி.

"வேண்டாம் பிள்ளை, அது வயர் அளக்கிற அலுப்பு வேலை."

அவர்கள் போனதும் ஹெர் கெல்லர் கதவடியில் நின்றார். விற்பனை முடிகிற நேரத்தில் ஏன் நிறுத்தினேன் என்று கேட்டார். நடந்ததைச் சொன்னேன். அவர் அளவுமானியை உறைக்குள் வைத்தார், வெளியே எடுத்தார், மறுபடி வைத்தார். "பார்வையாளர்கள் இல்லாமல்" என்றார் கடைசியில். "ஆம். அதுதான் சரி."

யோகன் வருவாரோ என்பது எனக்கு நிச்சயமில்லை. வந்தார். பட்டறை உடுப்போடு, கையில் அறையின் அளவு எழுதிய துண்டு எதுவுமில்லாமல் வந்து, செற்றி நுனியில் உட்கார்ந்தார்.

"நீங்கள் பிடிச்சிட்டியள் என்ன?" என்றார்.

"ஓம்."

"சத்தம் கேக்குது அக்கா. சொல்லுத்தான் விளங்கேல்லை. பல்லு, கல்லு, சொல்லு எல்லாம் எனக்கு ஒண்டுதான். இடக்காதாலை அதுவும் இல்லை. அலுமினியம் அறுக்கிற வாள் ஓடுற இடத்திலை இவ்வளவு வருஷம் நிண்டிட்டன். காதுக்கு மூடி தந்தவங்கள், வேர்க்குது எண்டு கழட்டி வைச்சிடுவன்."

"வீட்டிலை தெரியாதோ?"

"ஒருத்தருக்கும் தெரியாது. வேலையிலை தெரிஞ்சால் நிப்பாட்டிப்போடுவாங்கள் எண்டு பயம். சுகந்திக்குச் சொன்னால் அவ நித்திரை கொள்ளமாட்டா." கைகளைப் பிசைந்தார். "ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் எல்லாரும் சேர்ந்து ஒரு படம் பாக்கிறனாங்கள். அதுதான் எங்கடை வீட்டுப் பெருநாள். பகிடி வரும், பிள்ளையள் சிரிப்பினம், அதுகளின்ரை முகத்தைப் பாத்துப்போட்டு நானும் சிரிப்பன். எப்பவும் நான்தான் கடைசி. ஒருக்காலாவது அதுகளோடை சேர்ந்து சிரிக்கோணும். பெரிய பெட்டி எண்டால் விளங்கும் எண்டு நினைச்சன்."

அவருக்கு அழுகிற ஆள் தேவையில்லை என்று தெரிந்தது. எழும்பிப்போய் வயர்களை மாற்றினேன். பாஸ் பெட்டியை அடியோடு நிறுத்தினேன். பேச்சின் மேல் அது ஒரு போர்வையைப் போடும். நடுவில் வைக்கிற நல்ல ஸ்பீக்கர் ஒன்றை எடுத்து, தரையிலிருந்து தூக்கி, அவர் காதின் உயரத்துக்கு வைத்தேன். அவரைச் செற்றியின் இடது ஓரத்துக்கு நகர்த்தி, நல்ல காது ஸ்பீக்கரைப் பார்க்கும்படி இருத்தினேன். ஹெர் கெல்லர் சத்தமில்லாமல் வந்து ரிசீவரில் பேச்சை மட்டும் தெளிவாக்குகிற அமைப்பைத் தட்டிவிட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

தேங்காய் வாக்கியம் போனது. ஒருமுறை. யோகன் கையைக் காட்டினார். இன்னொரு முறை. கண்ணை மூடிக்கொண்டார்.

"சந்தையிலை…" என்றார். "பச்சை மிளகாயும்… பத்து… தேங்காயோ? பத்துத் தேங்காயும்!" கண்ணைத் திறந்தார். "என்னத்துக்கு அக்கா அவ்வளவு தேங்காய்?"

நான் சிரித்தேன், கண்ணீரோடு. ஹெர் கெல்லர் திரும்பாமலே, "என்ன சொன்னார்?" என்று கேட்டார். சொன்னேன். அன்றுதான் அவர் வாயைத் திறந்து சிரித்ததைப் பார்த்தேன்.

பிறகு யோகனுக்கு உண்மையையும் சொன்னேன். "இது பாதி வழிதான். ஸ்பீக்கர் மருந்தில்லை. காது வைத்தியரிட்டைப் போகோணும். வேலையாலை வந்ததெண்டால் அதுக்கு வழி இருக்கு, நீங்கள் பயப்படுகிற மாதிரி இல்லை. ஆனால் முதல்லை சுகந்தியிட்டைச் சொல்லுங்கோ."

"முதல்லை படம்" என்றார் அவர். "ஒரு படம் பாத்திட்டுச் சொல்லுறன்."

முன்னால் வைக்க இரண்டும் நடுவில் ஒன்றும், காட்சிக்கு வைத்த ஒரு ரிசீவரும் சேர்த்துப் பார்த்தபோது அவர் அந்தப் பெரிய பெட்டிக்கு ஒதுக்கிய தொகைக்குள்ளேயே அடங்கியது. ஹெர் கெல்லர் அதற்குள் விற்றுவிடச் சம்மதிக்கவில்லை. முதலில் வீட்டில் வைத்துக் கேட்க வேண்டும் என்றார். தன் காரிலேயே ஏற்றிக்கொண்டு, ஞாயிறு மதியம் என்னோடு யோகன் வீட்டுக்கு வந்தார். விடுமுறை நாளில் அவர் வேலைக்காக வெளிக்கிட்டதை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை.

வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவர், அறையின் நடுவில் நின்று ஒருமுறை பலமாகக் கைதட்டினார். பிள்ளைகள் திகைத்துப் பார்த்தார்கள். மூலைக்குப் போய் இன்னொரு தட்டு.

"அம்மா, இவர் என்ன செய்யிறார்?" என்று சஞ்சய் குசுகுசுத்தான்.

"வீட்டுக்குக் கண்ணூறு கழிக்கிறார்போலை" என்றாள் சுகந்தி.

எதிரொலி. பளபளத்த மரத்தரை, கண்ணாடி மேசை, வெறும் சுவர். ஒவ்வொரு சொல்லும் நாலு பக்கமும் மோதித் திரும்பிவந்தது. நல்ல காதுக்கே அங்கே கஷ்டம். கம்பளம் இருக்கிறதா என்று கேட்டோம். நிலவறையில் சுருட்டி வைத்திருந்த ஒன்றை யோகனும் அபிநயாவும் தூக்கி வந்தார்கள். கண்ணாடி மேசை படுக்கையறைக்குப் போனது. தடித்த யன்னல் சீலையைச் சுகந்தி அலுமாரியிலிருந்து எடுத்துத் தந்தாள். ரீவிக்குக் கீழே அலுமாரித் தட்டுக்குள் நடு ஸ்பீக்கரை ஒளித்துவைக்கச் சுகந்தி விரும்பினாள். ஹெர் கெல்லர் விடவில்லை. "வாயைப் பொத்திக்கொண்டு யாரும் பேசுவதில்லை" என்றார். அதை நான் தமிழாக்கியதும் அவள் சிரித்துக்கொண்டு விட்டுக்கொடுத்தாள். பிறகு அவர் மறுபடி கைதட்டிப் பார்த்துத் தலையசைத்தார்.

"ஏன் அப்பாவின்ரை கதிரையை ஓரத்துக்குப் போடுறீங்கள்?" என்று அபிநயா கேட்டாள்.

"அங்கைதான் ராசா இருக்கிறவர்" என்றேன். யோகன் நன்றியோடு பார்த்தார்.

தேத்தண்ணி வந்தது, வடையும் வந்தது. ஹெர் கெல்லர் மூன்றாவது வடையைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஏதோ ஒரு நகைச்சுவைப் படத்தைப் போட்டார்கள். திருமண வீடொன்றில் சமையற்காரனும் மாப்பிள்ளையின் மாமனும் சண்டை பிடிக்கிற இடம். நான் திரையைப் பார்க்கவில்லை. யோகனைத்தான் பார்த்தேன். முன்னால் குனிந்து, வாய் கொஞ்சம் திறந்தபடி இருந்தார். பிள்ளைகளைத் திரும்பிப் பார்க்கவில்லை. சமையற்காரன் முணுமுணுப்பாக ஏதோ சொன்னான்.

யோகன் வெடித்துச் சிரித்தார். தனியாக. பிள்ளைகள் அந்த முணுமுணுப்பைத் தவறவிட்டிருந்தார்கள், இருவரும் திரும்பி அவரைப் பார்த்தார்கள்.

"அப்பா, என்ன? என்ன சொன்னவர்?"

யோகனுக்குச் சிரிப்பில் சொல்ல முடியவில்லை. "சாம்பாருக்கை… மாமாவின்ரை… பல்லுசெற்றாம்!" என்று ஒருவழியாகச் சொல்லி முடித்தார். பிள்ளைகள் அப்போதுதான் சிரித்தார்கள். அவர் கையை முகத்தில் வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டே இருந்தார். தோள்கள் குலுங்கின. கொஞ்ச நேரத்தில் அது சிரிப்பு மட்டுமில்லை என்று சுகந்திக்கு விளங்கிவிட்டது. அவள் படத்தை நிறுத்தினாள்.

"என்னப்பா?"

அவர் சொன்னார். பிள்ளைகளுக்கு முன்னாலேயே, எங்களுக்கு முன்னாலேயே, எல்லாவற்றையும் சொன்னார். சுகந்தி கேட்டு முடித்துவிட்டு, "அப்ப நான் கூப்பிடேக்கை வராமல் இருந்தது, வேணுமெண்டு இல்லையோ?" என்றாள்.

"சிலநேரம் வேணுமெண்டும்தான்" என்றார் யோகன்.

அவள் அவருடைய தோளில் ஓர் அடி போட்டாள். அபிநயா எழும்பிப்போய் அவருடைய வலப்பக்கம் உட்கார்ந்து, படத்தை முதலிலிருந்து போட்டாள். மொழி புரியாத ஹெர் கெல்லர் எனக்குத் தலையசைத்தார். நாங்கள் சத்தமில்லாமல் வெளியே வந்து சப்பாத்தை மாட்டினோம். படிக்கட்டில் பக்கத்து வீட்டுப் பெண்மணி நின்று, இன்றைக்கு ஏன் இவ்வளவு அமைதி, யாருக்கும் சுகமில்லையா என்று விசாரித்தார்.

ஸ்பீக்கர்கள் அங்கேயே தங்கிவிட்டன. யோகன் வைத்தியரிடம் போனார். அவர் பயந்ததுபோல் வேலை போகவில்லை. வாள் ஓடாத பகுதிக்கு, சட்டங்களைப் பொருத்தும் இடத்துக்கு மாற்றினார்கள். இரண்டு காதுக்கும் கருவி கிடைத்தது.

கருவி போட்டுச் சில வாரங்களின் பின் சுகந்தி கடைக்குத் தொலைபேசி எடுத்தாள். ஏதோ பழுதாக்கும் என்று பயந்துகொண்டு எடுத்தேன்.

"அக்கா, நல்ல வேலை செய்தியள்!" என்றாள். "முந்தியெல்லாம் குசினிக்குள்ளை நிண்டு இவரை நல்லாத் திட்டித் தீர்ப்பன், மனம் ஆறிப்போம், ஒரு கரைச்சலும் இல்லை. இப்ப மெதுவா முணுமுணுத்தாலும் முன்னறையிலை இருந்து மறுமொழி வருது!"

அவளுக்குப் பின்னால், தூரத்தில், யோகனின் குரல் கேட்டது.

"அதையும் கேட்டனான்!"